ஊர் வழக்கா, உற்ற துன்பமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மனப்பிறழ்வு எது என்று முடிவுசெய்யும் அளவுகோல் சமூக வழக்கமா, அந்த மனிதர் படும் துன்பமும் முடக்கமுமா என்பது இன்றைய வழக்கு. பின்னதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

ஊரோடு ஒட்டாத மனத்தை ஊர்தானே முதலில் கண்டுகொள்கிறது என்றார் எதிரணித் தலைவர். கண்டுகொள்ளட்டும், தீர்ப்பையும் ஊரிடமே ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1851இல் லூசியானா மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், எசமானர்களிடமிருந்து தப்பியோடிய கறுப்பின அடிமைகளின் விடுதலை வேட்கைக்கு ‘டிராப்பிடோமேனியா’ என்று நோய்ப்பெயர் சூட்டி, அதற்குச் சவுக்கடியையும் பரிந்துரைத்தார்.

அது பழங்கதை என்பீர்கள். ஒருபால் ஈர்ப்பு 1973 டிசம்பர் வரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கணக்கில் நோயாகவே இருந்தது. தாமும் அத்தகையவரே என்று சொல்ல, ஜான் ஃபிரையர் என்ற மனநல மருத்துவர் 1972இல் டாலஸ் மாநாட்டு மேடையில் முகமூடி அணிந்து, குரலை மாற்றிப் பேச வேண்டியிருந்தது. நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த அவரிடம் எந்த முடக்கத்தைக் காண்பது? நோய்ப் பட்டியலிலிருந்து அதை நீக்க வழிவகுத்த மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர், துன்பமோ செயல்திறன் குலைவோ இருந்தால்தான் நோய் என்றார். எங்கள் அணியின் வாதமும் அதுவே. (நோயா இல்லையா என்று 1974இல் சங்க உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்திய விந்தையை எதிரணிக்கே விட்டுவிடுகிறேன்.)

எதிரணி எழுப்பிய ஒரு கேள்வி மட்டும் கனமானது. மேனியா எனும், மனம் அளவுமீறிப் பொங்கும் நோய்நிலையில் இருப்பவர் பல இரவுகள் உறங்காமல், கடன் வாங்கிப் பொருள்களை வாங்கிக் குவிக்கும்போதும் மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறார் என்றார்கள். உண்மைதான், அதனால்தான் துன்பத்தோடு முடக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். அங்கே நல்ல மருத்துவர் அவரை ஊராரோடு ஒப்பிடுவதில்லை. சென்ற மாதம் வரை கணக்குப் பிசகாமல் கடை நடத்திய அதே மனிதரோடு ஒப்பிடுகிறார். எத்தனை மணி நேரம் தூங்குகிறார், பேச்சு எப்போது இப்படி வேகமெடுத்தது, கல்லாவில் நிலையாக உட்கார முடிகிறதா என்று வீட்டாரிடம் விசாரிக்கிறார்.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஒருவர் தம் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் மதிப்புகளுக்கோ சமய நம்பிக்கைகளுக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்று 3ஆம் பிரிவில் தடுக்கிறது. எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்தப் பிரிவுக்கு விடை சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்குமாறு, நடுவர் அவர்களே, தாங்கள் பணிக்க வேண்டுகிறேன்.