படையலுக்கு முன்னால் இரண்டு இட்லி

நேயர்களுக்கு வணக்கம். நம் கடலூர்ப் பக்கத்தில் பொங்கல் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா பார்த்து, சிறுவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வரை வாய்க்கு ஓய்வில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் எல்லோரும் "இனிப்பைத் தொடாதீங்க" என்பார்கள். உணவு ஆலோசகரான எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறொன்று: மாத்திரையைப் போட்டுக்கொண்டு, படையல் முடியட்டும் என்று வெறும் வயிற்றோடு காத்திருப்பது.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. ஒரு பொங்கலன்று அம்மா காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டுக்கொண்டு அடுப்பு முன் உட்கார்ந்தார். பானை பொங்கியது. தம்பி குடும்பம் வந்ததும் படைக்கலாம் என்றார். மணி பத்தரை. அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அடுப்புச் சூடு என்று நினைத்தோம். கை நடுங்கி, பேச்சு குழறிய பிறகுதான் சர்க்கரை அளவைச் சோதித்துப் பார்த்தேன். 54.

70க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரைதான். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சர்க்கரைப் பொங்கல் பக்கத்திலேயே இருந்தாலும் அந்த நேரத்துக்கு உதவாது, அதிலுள்ள நெய் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், படையல் தாமதமாகும் என்றால் எப்போது, எவ்வளவு எடுப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, இனிப்புக்கு வருவோம். வெல்லம் நல்லது என்று இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்கிறோம். வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்தில் ஏறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆசைக்கு இரண்டு ஸ்பூன் சாப்பிடுங்கள், ஆனால் முதலில் மொச்சையும் அவரையும் கத்தரிக்காயும் போட்ட பொங்கல் குழம்பில் காயை நிறைய அள்ளிக்கொள்ளுங்கள். மொச்சையின் நாரும் புரதமும் சர்க்கரை சட்டென்று ஏறாமல் பிடித்து நிறுத்தும். அன்றைக்கு வெண்பொங்கல், வடை, சோறு எல்லாமே இலைக்கு வரும். அவற்றில் எதை விடுவது என்று உட்காரும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. கரும்பை ஜூஸாகக் குடிக்க வேண்டாம். ஒரு சிறு துண்டு கடித்தால் போதும்.

சிறுவள்ளிக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிடும் நாளில் சோற்றைக் குறையுங்கள், அதுவும் மாவுச்சத்துதான். ஆற்று மணலில் வெகுதூரம் நடந்தாலும் சர்க்கரை இறங்கும். அதனால் சட்டைப் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் பொங்கலன்று அம்மாவுக்கு முதலில் இரண்டு இட்லி. சாமி கோபித்துக்கொள்ளாது என்று அம்மாவே சொல்லிவிட்டார். அப்புறம்தான் அடுப்பு மூட்டுகிறோம்.

நன்றி, வணக்கம்.