ஆர்ட் பெல் இரவைத் திறந்தாரா, இருளைப் பரப்பினாரா? ‘பரப்பினார்’ அணியின் உரை

நடுவர் அவர்களே, அல்சூர் ஏரிக்கரை நெரிசலைத் தாண்டி வந்து அமர்ந்திருக்கும் பெங்களூர்த் தமிழ் அன்பர்களே, வணக்கம்.

நெவாடா பாலைவனத்தில் பரம்ப் என்னும் சிற்றூரில், தம் வீட்டில் இருந்தபடியே அமெரிக்கா முழுவதற்கும் அமானுஷ்யம், வேற்றுலகத்தார் பற்றிய நள்ளிரவு வானொலி நிகழ்ச்சி நடத்தியவர் ஆர்ட் பெல். எனக்கு முன் பேசிய சகோதரி, “அவர் அழைப்புகளை வடிகட்டவில்லை, கேள்விதான் கேட்டார், தீர்ப்பை நேயரிடம் விட்டுவிட்டார்” என்றார். 2008இல் அமெரிக்காவின் தேசிய வானொலிப் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டதையும் சொன்னார். சான்றில்லாததை நம்பாத ஐயுறவாளர் அமைப்பொன்று 1998இல் ‘அணைக்கப்பட்ட மெழுகுவத்தி’ என்று ஒரு விருதை அவருக்குக் கேலியாகக் கொடுத்ததை ஏனோ சொல்லவில்லை.

வடிகட்டாததை நான் குறை சொல்ல மாட்டேன். ராக்கி மலைக்குக் கிழக்கே இருப்பவருக்கு ஓர் எண், மேற்கே இருப்பவருக்கு ஓர் எண், முதன்முறை அழைப்பவருக்குத் தனி எண் என்று வைத்து, யார் வந்தாலும் பேசவிட்டது அழகுதான். தனியார் எஃப்எம் 2001இல் முதன்முதலாக ஒலித்த நம் ஊரிலேயே, சொந்தமாகச் செய்தி சொல்ல அந்த நிலையங்களுக்கு அனுமதி இல்லாததால், அப்படியொருவரை நாம் கேட்டதில்லை.

என் வழக்கு வேறு. சிவாஜி நகர் வீட்டில் என் தாத்தா, இரவு ஒன்பதுக்கு மேல் மர்ஃபி பெட்டியின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி இலங்கை வானொலியைப் பிடிப்பார். மத்திய அலையைப் பகலில் உறிஞ்சிவிடும் வளிமண்டல அடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துபோக, அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை வெகுதூரம் வரும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. காலையில் செய்தித்தாளோடு வரிக்கு வரி சண்டை போடுகிற தாத்தா, அந்த இரவுக் குரலோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை. லாஸ் வேகஸில், இரவில் அப்படி வெகுதூரம் கேட்கும் 50,000 வாட் மத்திய அலை நிலையமொன்றில் வளர்ந்த ஆர்ட் பெல்லுக்கு, இருட்டில் தனியே கேட்கிறவர் எவ்வளவு நம்புவார் என்பது தெரியாமல் இருந்திருக்காது.

1996 நவம்பரில் ஹூஸ்டன் நகரத்து வானியல் ஆர்வலர் ஒருவர், ஹேல்-பாப் வால்மீனுக்குப் பின்னால் சனிக்கோளைப் போன்ற ஏதோ ஒன்று வருகிறது என்று ஆர்ட் பெல்லின் நிகழ்ச்சியில் சொன்னார். அது ஒரு சாதாரண விண்மீன் என்று வானியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை; தொலைவிலிருந்தே மனத்தால் பார்க்க முடியும் என்று கூறிக்கொண்ட ஒரு பேராசிரியர் வந்து, அது வேற்றுலகத்தாரின் கலம் என்றார். சான்றாக ஒரு புகைப்படம் ஆர்ட் பெல்லிடம் வந்தது. 1997 ஜனவரியில் அவர் அதை வெளியிட்டதும், தாங்கள் எடுத்த படத்தில் யாரோ செய்த ஒட்டுவேலை அது என்று ஹவாய் பல்கலைக்கழக வானியலாளர்கள் உடனே காட்டிவிட்டார்கள்.

அந்த மார்ச் மாதம் சான் டியாகோ அருகே 39 பேர், வால்மீனோடு வரும் கலத்தில் ஏறப்போவதாக நம்பித் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தப் பழியை நான் ஆர்ட் பெல் தலையில் ஏற்றவில்லை. துணைக்கலம் இருக்கிறதா இல்லையா என்பது தங்களுக்குப் பொருட்டில்லை என்று அந்தக் குழுவினரே எழுதி வைத்திருந்தார்கள். வழக்கில் வெல்வதற்காக அதை மறைப்பது முறையன்று.

நான் கேட்பது அந்தப் படத்தைப் பற்றி மட்டுமே. படத்தை வெளியிட்டுப் பொய் உடைய வழிசெய்தவர் அவரேதான் என்று எதிரணி சொல்லும்; உண்மைதான். ஆனால் வெளியே வந்த உடனே உடைந்த பொய், வாரக்கணக்கில் அவர் கையில் இருந்தது. வெளியிடுவதில்லை என்று கொடுத்தவருக்கு வாக்களித்திருந்தாராம். அத்தனை வாரமும் வால்மீன் பேச்சைக் கேட்டபடி நெடுஞ்சாலையில் தனியே லாரி ஓட்டிப்போன நேயருக்கு அவர் கொடுத்திருந்த வாக்கு என்ன என்பதை, அடுத்துப் பேச வரும் எதிரணி அன்பர் சொல்லட்டும்.