14 பாயிண்ட் லீடு பத்தே நிமிஷத்துல காணாமப் போனது எப்படி? | பதில் கிணத்துக்குள்ள இருக்குங்க!

(திரையில் ஸ்கோர் மட்டும்: 41–27)

இது ஒரு காலேஜ் பாஸ்கெட்பால் மேட்சோட ஹாஃப் டைம் ஸ்கோருங்க. 41 நம்ம பசங்க, 27 வெளியூர் டீம். கூட்டத்துல பாதிப்பேர் டீக்கடைப் பக்கம் நகர்ந்துட்டாங்க. மேட்ச் முடிஞ்சமாதிரிதான்னு எல்லாருக்கும் நெனப்பு.

(ஸ்கோர் மாறுகிறது: 60–68)

இது கடைசி ஸ்கோர்.

ரெண்டாவது பாதியில நம்ம பசங்க எடுத்தது வெறும் 19. எதிர் டீம் எடுத்தது 41. முதல் பாதியில நாம எடுத்த அதே 41-ஐ அவங்க திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுலயும் மூணாவது குவார்ட்டர் இருக்குதுங்களே, 6–21! பத்து நிமிஷத்துல ஆறே பாயிண்ட்.

வணக்கமுங்க. அந்த மேட்சை நான் பென்ச்சுக்குப் பின்னால சிமெண்ட் படில உக்காந்து நோட்டுல குறிச்சுக்கிட்டே பாத்தேன். காலேஜ் பேரு வேண்டாம், பசங்க பேரும் வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம், ஆடி மாசம், வெளிக் கோர்ட், ராத்திரி லைட் மேட்ச். இது போதும்.

மேட்ச் முடிஞ்சதும் படிமேல நின்ன பெரியவங்க மூணு காரணம் சொன்னாங்க. ஒண்ணு, பசங்களுக்குத் திமிரு. ரெண்டு, ஸ்டாமினா இல்ல. மூணு, காத்து. மூணையும் நான் ஒத்துக்கல. ஆனா காத்துல மட்டும் ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு, அதுக்கு அப்பறம் வர்றேன்.

பாஸ்கெட்பால் புதுசா பாக்கறவங்களுக்கு வேகமாச் சொல்லிடறேன். 1891-ல அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுங்கற ஊர்ல ஜேம்ஸ் நெய்ஸ்மித்னு ஒரு வாத்தியார் பீச் பழக்கூடையை ஆணியடிச்சு மாட்டி ஆரம்பிச்சது. இப்ப நம்மூர்ல ஆடறது சர்வதேச விதி: பத்து பத்து நிமிஷமா நாலு குவார்ட்டர், நடுவுல 15 நிமிஷம் ஹாஃப் டைம். கோயம்புத்தூர்ல பி.எஸ்.ஜி. கோப்பை, கரூர்ல எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பைன்னு பாத்து வளந்த சனத்துக்கு இதெல்லாம் நான் சொல்லோணுமா? சரி, விடுங்க.

இப்ப கிணத்துக்குப் போலாம்.

(பலகையில் கிணறு, மோட்டார், குழாய் வரைகிறேன்)

நம்ம பக்கம் தோட்டத்துக் கிணறு ஆழமுங்க. அதனால மோட்டாரை மேல வெக்க மாட்டாங்க, கிணத்துக்குள்ள பாதில ஒரு திட்டு கட்டி அதுமேல வெச்சிருப்பாங்க. ஏன்? மோட்டார் தண்ணியை மேல தள்ளறதுல கில்லாடி, ஆனா கீழிருந்து உறியறதுல அதுக்கு ஒரு அளவு இருக்கு. கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நெசத்துல ஏழு மீட்டர் தாண்டினாலே திணறும். அந்த உறிஞ்சு குழாயோட அடி நுனியில, தண்ணிக்குள்ள முங்கி, ஒரு சின்ன சாமான் இருக்கும். ஃபுட் வால்வு. தண்ணியை மேல மட்டும் விடும், திரும்பக் கீழ விடாது. அவ்வளவுதான் அதோட வேலை.

மும்முனைக் கரண்ட் இருக்கற வரைக்கும் மோட்டார் ஓடுது, தண்ணி கொட்டுது. கரண்ட் நிக்குது. ஃபுட் வால்வு நல்லா இருந்தா குழாய்க்குள்ள தண்ணி அப்படியே நிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்தா சுவிட்சைத் தட்டின நொடியே வாய்க்கால்ல தண்ணி. ஆனா அந்த வால்வுக்குள்ள ஒரே ஒரு பொடிக் கல்லு மாட்டியிருக்குன்னு வைங்க. கரண்ட் இல்லாத அந்த நேரத்துல தண்ணி சொட்டுச் சொட்டா கீழ எறங்கிடும். குழாய் பூராக் காத்து. கரண்ட் வரும், மோட்டாரும் ஓடும், சத்தமெல்லாம் சரியா வரும். தண்ணி மட்டும் வராது! அப்பறம் டார்ச் லைட்டைப் பிடிச்சுக்கிட்டு எறங்கி, குடத்துல மோந்து ஊத்தோணும். கசிவு எச்சா இருந்தா சாணியைக் கரைச்சு ஊத்துவாங்க, அது போயி சந்துல ஒட்டி அடைச்சுக்கும். எங்கப்பா அந்தச் சாணிக் கையோடயே வந்து என்னை எழுப்பி, "கண்ணு, மோட்டார்ல ஒண்ணுமில்ல, நின்னப்பத்தான் போயிருக்குது"ம்பாரு.

நின்னப்பத்தான் போயிருக்குது. அந்த மேட்சுக்கும் இதேதாங்க.

அந்த ஹாஃப் டைம்ல என்ன நடந்துச்சுன்னு நான் பாத்தேன். நம்ம டீம்தான் போட்டி நடத்தற டீம். அதனால சிறப்பு விருந்தினர் பசங்களைப் பாக்கோணும்னு வரிசையா நிறுத்தினாங்க. பொன்னாடை, கைகுலுக்கல், ஃபோட்டோ. மைக்குல நாலு வார்த்தை, நாப்பது வார்த்தையாச்சு. 15 நிமிஷம் 25-ஐத் தொட்டுச்சு. வேர்வைல நனைஞ்ச பனியனோட பசங்க அசையாம நிக்கறாங்க. நிக்கறது எங்க? பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிர்ல! மேற்குத் தொடர்ச்சி மலையில சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் தொறந்து கெடக்குது, ஆடிக் காத்து அது வழியாத்தான் நம்ம மேல பாயுது. காத்தாடி ஆலையையே சுத்தற காத்துங்க அது. ஈரப் பனியன்ல அடிச்சா என்ன ஆகும்?

பென்ச்சுக்கு வந்த ஏழாம் நம்பர் தம்பி தண்ணி பாட்டிலைக் கேட்டான். குடுக்கறப்ப அவன் கை பட்டுச்சு. சில்லுனு இருந்துச்சு. முழங்கை வரைக்கும் மயிர்க்கூச்சம். கெண்டைக்காலைத் தேச்சுக்கிட்டே நின்னான். முதல் பாதியில கோர்ட்டையே கலக்கின பாயிண்ட் கார்டு அவன், பாலைக் கொண்டுபோயி ஆட்டத்தை நடத்தறவன்.

அதே நேரம் அந்தப் பக்கம்? வெளியூர் டீமுக்கு யாரும் பொன்னாடை போடல. அவங்க கோச் அஞ்சு நிமிஷம் பேசினாரு, அப்பறம் எல்லாத்தையும் கோர்ட்டோட அந்தக் கோடிக்கு அனுப்பிட்டாரு. மெதுவா ஓட்டம், பக்கவாட்டு நடை, ரெண்டு ரெண்டு லே-அப் (ரிங்குக்குப் பக்கத்துல ஓடிப்போயி எம்பிப் போடற ஷாட்). அவங்க குழாய்ல தண்ணி எறங்கவே இல்லீங்க.

இது என் கற்பனை இல்ல. 2004-ல டென்மார்க்குல கால்பந்து வீரர்களை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஹாஃப் டைம்ல சும்மா உக்காந்தவங்களுக்குத் தொடைத் தசையோட சூடு சுமார் 2 டிகிரி எறங்கிடுச்சு. ரெண்டாவது பாதி ஆரம்பத்துல வேக ஓட்டம் 2.4 சதவீதம் கொறைஞ்சுது. நடுவுல மிதமா ஓடினவங்களுக்கு அந்த எறக்கம் வரல.

2.4 சதவீதம்தானேன்னு நெனைக்காதீங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இதுதான், சித்த பொறுங்க. பாஸ்கெட்பால் கோர்ட்டோட நீளம் 28 மீட்டர். அந்த நீளம் பூரா ஓடினா 2.4 சதவீதம்ங்கறது 67 சென்டிமீட்டர். (கையை விரித்துக் காட்டுகிறேன்) இவ்வளவு. ரெண்டு அடிக்கும் கொஞ்சம் எச்சு. லே-அப் போடறவன் முன்னால போயி நிக்கறதுக்கும், அவன் முதுகைப் பாத்துக்கிட்டே பின்னால வர்றதுக்கும் நடுவுல இருக்கற தூரம் அதுதாங்க!

இனி மூணாவது குவார்ட்டரைப் பாருங்க, எல்லாம் தானா வெளங்கும்.

எதிர் டீம் ஆளுக்கு ஆள் காக்கற மேன் டூ மேனை விட்டுட்டு, ஆளுக்கு ஒரு எடத்தைக் காக்கற ஜோனுக்கு மாறிட்டாங்க. முன்னால ரெண்டு பேரு, ரிங்குக்குக் கீழ மூணு பேரு. உள்ள வராதே, வெளிய நின்னு அடிச்சுக்கோங்கறாங்க. நம்ம பசங்க என்ன பண்ணாங்க? த்ரீ பாயிண்ட் கோட்டைச் சுத்தியே பாலைக் கைமாத்தி, கைமாத்தி... வள்ளி கும்மி பாத்திருப்பீங்க, வட்டம் அழகா சுத்தும். ஆனா கும்மியில நடுவால குத்துவிளக்காச்சும் இருக்கும்! இங்க நடுவால ஆளே இல்ல. ஃப்ரீ த்ரோ கோட்டுல ஒருத்தன் வந்து நின்னு பாலை வாங்கித் திரும்பியிருந்தா ஜோன் சுருங்கியிருக்கும், மூலையில நிக்கறவனுக்கு எடம் கெடச்சிருக்கும். யாரும் வரல. 24 செகண்டுக்குள்ள ஷாட் அடிச்சாகோணும், அது ஓடுது, கடைசி நேரத்துல அந்த 6.75 மீட்டர் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியிருந்து ஷாட்.

தூர ஷாட்டுக்குப் பலம் கையிலிருந்து வர்றதில்ல, காலிலிருந்து வருது. கால் சில்லுனு இருந்தா பால் கொறையும். என் நோட்டுல இருக்குது: அந்தக் குவார்ட்டர்ல தவறின 11 ஷாட்ல 8 முன் ரிங்குல பட்டது. டங்கு, டங்கு, டங்குனு ஒரே சத்தம். இடதோ வலதோ போயிருந்தா குறி தப்புச்சுன்னு சொல்லலாம். எட்டும் நேராப் போயி கொறைஞ்சிருக்கு. அப்ப குறி சரியாத்தான் இருந்திருக்கு!

இங்கதான் காத்துக் கட்சிக்காரங்களுக்கும் பதில் சொல்றேன். அந்தக் கோர்ட் வடக்கு தெற்கா போட்டது. காத்து மேக்க இருந்து வருது. பக்கவாட்டுலதான் அடிக்கும், ரெண்டு பாதிக்கும் ஒரே மாதிரி. காத்து பாலைத் தள்ளல. படிக்குப் பக்கத்துல வரிசைல நின்ன பசங்களோட காலைத்தான் தணிச்சுது.

முன் ரிங்குல பட்ட பால் எங்க போகும்? வேகமா வெளிய தெறிச்சு வரும், நீண்ட ரீபவுண்ட். ஜோன்ல முன்னால நிக்கற ரெண்டு பேரு கையில நேராப் போயி விழும். அவங்க காலு சூடா இருக்குது. ஃபாஸ்ட் பிரேக், நாம திரும்பறதுக்குள்ள ஓடிப்போயி அடிக்கறது. நம்ம ஆளு 67 சென்டிமீட்டர் பின்னால. பின்னால இருந்து எட்டிக் கையை நீட்டினா ஃபவுல். ஏழாம் நம்பர் தம்பி மூணாவது ஃபவுல், நாலாவது ஃபவுல் ரெண்டையும் இப்படித்தான் வாங்கினான். அஞ்சானா வெளிய போகோணுமே, கோச் அவனை உக்கார வெச்சாரு. அப்பறம் பாலைக் கொண்டுபோக ஆளில்ல.

கோச்சை நான் குறை சொல்லித்தான் ஆகோணும். ரெண்டாவது பாதிக்கு மூணு டைம் அவுட் உண்டு, ஆட்டத்தை நிறுத்திப் பசங்ககிட்டப் பேசிக்கலாம். மிச்சம் வெச்சா கூடுதல் நேரத்துக்குக் கூட வராது, அதோட போச்சு. 41–27 எறங்கி எறங்கி 45–44 ஆகற வரைக்கும் அவர் ஒண்ணு கூடக் கேக்கல. முதல் ரெண்டு முன் ரிங் சத்தம் கேட்டப்பவே கூப்பிட்டு, நடுவுல ஒருத்தனை நிறுத்துங்கடான்னு சொல்லியிருக்கலாம். நாலாவது குவார்ட்டர்ல பசங்களுக்குச் சூடு ஏறி ஷாட்டும் விழ ஆரம்பிச்சுது, 13 எடுத்தாங்க. ஆனா எதிர் டீமுக்குத் தைரியம் வந்தாச்சு.

இளநியையும் சொல்லிடறேன். ஃபோட்டோ முடிஞ்சதும் ஆளுக்கு ரெண்டு இளநி வெட்டிக் குடுத்தாங்க. பொள்ளாச்சி இளநியை நான் எதுக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன். ஆனா ரெண்டு இளநின்னா அரை லிட்டருக்கு மேல, ஆட்டம் தொடங்க ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப. வயிறு குலுங்க யாரால ஓட முடியும்?

நம்ம பசங்களுக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சு மனசு ஒடையாதீங்க. 2012 மார்ச்சுல அமெரிக்கக் காலேஜ் போட்டி, என்.சி.ஏ.ஏ. ஆட்டம். அயோனாங்கற காலேஜ் ஒரு கட்டத்துல 49–24. 25 பாயிண்ட் முன்னால! ஹாஃப் டைம்ல 55–38. எதிர்ல பிரிகாம் யங். ரெண்டாவது பாதியில பிரிகாம் யங் ஜோன் போட்டாங்க. அங்க குவார்ட்டர் கெடையாது, 20 நிமிஷமா ரெண்டு பாதி. அந்த முழு 20 நிமிஷத்துல அயோனா எடுத்தது 17 பாயிண்ட். நம்ம பசங்க 19-ங்க, ரெண்டு எச்சு! 78–72-ல பிரிகாம் யங் ஜெயிச்சாங்க. அயோனாவுக்கு யாரும் பொன்னாடை போர்த்தியிருக்க மாட்டாங்க, அவங்க கதை வேற. ஆனா ஓடிக்கிட்டே அடிச்சுப் பழகின டீமை ஜோன் போட்டு நிக்க வெச்சா என்ன ஆகும்ங்கறது மட்டும் அச்சு அசல் அதேதான்.

போட்டி நடத்தற அண்ணமாருங்களுக்கு ஒரு வேண்டுகோள். விருந்தினரை மதிக்கறது நம்ம ஊர் பழக்கம், அதை விட வேண்டாம். அந்தக் கைகுலுக்கலை ஆட்டத்துக்கு முன்னால வெச்சுக்கோங்க, இல்லாட்டி முடிஞ்சதும் வெச்சுக்கோங்க. ஹாஃப் டைமைப் பசங்ககிட்ட விட்டுடுங்க. கோச்சுங்க அஞ்சு நிமிஷம் பேசுங்க, காய்ஞ்ச பனியன் மாத்தச் சொல்லுங்க, கடைசி ஏழு நிமிஷம் மெதுவா ஓட விடுங்க. காசு செலவில்லாத வேலைங்க இது. இந்த வீடியோவை உங்க ஊர் பி.டி. சாருக்கு அனுப்புங்க. உங்க டீமுக்கும் இப்படி நடந்திருந்தா கமெண்ட்ல எழுதுங்க, நான் ஒண்ணொண்ணாப் படிப்பேன்.

திமிருன்னு சொன்ன பெரியவருக்கு ஒரு வார்த்தை. மேட்ச் முடிஞ்சு எல்லாரும் போனப்பறம் ஏழாம் நம்பர் தம்பி ரிங் கம்பத்துக்கு அடியில உக்காந்திருந்தான். ஷூ கழட்டல. நான் பக்கத்துல போயி, "நின்னப்பத்தான் போச்சு கண்ணு, நீ ஓடினப்ப இல்ல"ன்னேன். அவனுக்குப் புரியல. கிணத்துக் கதை பூராச் சொன்னேன். அவங்க வீட்டுலயும் தோட்டம் இருக்குது போல, சாணி கரைச்சு ஊத்தறதைச் சொன்னதும் சிரிச்சுட்டான்.

போன வாரம் ஃபோன் பண்ணான். அடுத்த மேட்சுக்கு ஃபோட்டோவை முன்னாடியே எடுத்துடலாம்னு அவங்க பி.டி. சார் பேசி வெச்சிருக்காராம். "அண்ணா, ஹாஃப் டைம்ல ஓடறோம், சரி. அப்ப இளநி?"ன்னான்.

"முடிஞ்சதும் குடிச்சுக்கோ கண்ணு, நானே வெட்டிக் கொண்டு வர்றேன்"னு சொல்லியிருக்கேன். சனிக்கிழமை போறேனுங்க.