எதிரியின் சட்டைப்பையில் வைக்கப்பட்ட துண்டுச்சீட்டு

வணக்கம். கார்கில் போர் பற்றிய சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “டைகர் ஹில்லில் இறந்த பாகிஸ்தான் அதிகாரி ஒருவரின் சட்டைப்பையில் இந்தியப் பிரிகேடியர் ஒருவர் பாராட்டுச் சீட்டு வைத்து அனுப்பினார் என்பது உண்மையா? உண்மையென்றால், அங்கே உயிர் கொடுத்த நம் வீரர்களுக்கு அது அவமதிப்பு ஆகாதா?”

உண்மைதான். அந்த அதிகாரியின் பெயர் கேப்டன் கர்னல் ஷேர் கான். இதில் ‘கர்னல்’ என்பது பதவியைக் குறிப்பதன்று, குடும்பத்தார் வைத்த பெயரின் பகுதி. பலர் இதில் குழம்புவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1999 ஜூலைத் தொடக்கத்தில் டைகர் ஹில் உச்சி இந்தியப் படையின் கைக்கு வந்த பிறகு, அதை மீட்பதற்காகப் பாகிஸ்தானின் 12ஆவது நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் எதிர்த்தாக்குதல் நடத்தினார்கள். மேற்குச் சரிவில் அதைத் தடுத்து நின்றவர்கள் நமது 8ஆவது சீக்கிய ரெஜிமென்ட் வீரர்கள். முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்ட பிறகும், சிதறிய தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு முன்னால் நின்று மறுபடியும் ஏறி வந்தவர் ஷேர் கான். கைகலப்பாக மாறிய அந்தச் சண்டையில் சிப்பாய் சத்பால் சிங் அவரை வீழ்த்தினார்.

192ஆவது மலைப்படைப் பிரிகேடின் தளபதியாக இருந்த பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, அந்த உடலை மட்டும் மலையிலிருந்து கீழே கொண்டுவரச் சொன்னார். அது திருப்பி அனுப்பப்படுவதற்கு முன், இவர் மிகுந்த வீரத்துடன் போரிட்டார், இவருக்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு சீட்டு எழுதி அவருடைய சட்டைப்பையில் வைத்தார்.

இந்தச் சீட்டு ஏன் அவ்வளவு முக்கியமானது என்பதை அன்றைய சூழ்நிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மலைமேல் இருப்பவர்கள் தன் இராணுவத்தினர் அல்லர், முஜாகிதீன்கள் எனப்படும் ஆயுதக் குழுவினர் என்றே பாகிஸ்தான் அரசு உலகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தது. தன் வீரர் அங்கே இருந்தார் என்பதையே ஒப்புக்கொள்ளாத அரசு, அவர் எப்படிப் போரிட்டார் என்று எவ்வாறு சாட்சி சொல்லும்? தயக்கமின்றிச் சாட்சி சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள் எதிரே நின்று அவரோடு போரிட்டவர்கள் மட்டுமே, அந்தக் கடமையைத்தான் பாஜ்வா செய்தார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பின்னர் ஷேர் கானுக்குப் பாகிஸ்தானின் மிக உயர்ந்த வீர விருதான நிஷான்-எ-ஹைதர் வழங்கப்பட்டது.

இனி, அவமதிப்பா என்ற கேள்வி. அந்தச் சீட்டை எழுதிய அதே பாஜ்வாதான் சத்பால் சிங்கின் பெயரையும் வீர விருதுக்குப் பரிந்துரைத்தார். அவருக்கு வீர் சக்கரம் கிடைத்தது. வந்தவர் எவ்வளவு உறுதியானவர் என்பதை மறைத்துவிட்டால், அவரைத் தடுத்து நிறுத்திய சத்பாலும் அந்தச் சரிவில் உயிரிழந்த அவருடைய தோழர்களும் எதை எதிர்த்து நின்றார்கள் என்பதும் சேர்ந்தே மறைந்துபோகும்.