சூரியன் மறையும் சில நிமிடங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இன்று முழுச் சூரிய கிரகணத்தைப் பற்றிப் பேசுவோம்.

சூரியனின் விட்டம் சந்திரனுடையதைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு. பூமியிலிருந்து அதன் தொலைவும் ஏறத்தாழ அதே 400 மடங்கு. இந்தப் பொருத்தத்தால்தான் சிறிய சந்திரன் அத்தனை பெரிய சூரியனை அளவெடுத்தாற்போல் மறைக்கிறது. அந்த முழு மறைப்பு எவ்வளவு நீண்டாலும் ஏறத்தாழ ஏழரை நிமிடத்துக்கு மேல் நீடிக்காது.

அந்தச் சில நிமிடங்களுக்காக வானியலாளர்கள் கடல் கடந்து சென்றிருக்கிறார்கள். 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் கிரகணத்துக்காக, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியுடன் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்சன், சூரிய விளிம்பில் எழுந்த செந்நிறப் பிழம்புகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அதில் பளிச்சிடும் கோடுகளைக் கண்டார். இவ்வளவு பிரகாசமான கோடுகளைக் காணக் கிரகணம் எதற்கு என்று எண்ணியவர், மறுநாள் காலையிலேயே வெறும் வெயிலில் அவற்றைக் கண்டுவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் நார்மன் லாக்கியரும் தனியாக இந்த வழியைக் கண்டறிந்தார். அக்கோடுகளில் மஞ்சள் நிறமான ஒன்று, பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் எனப்பட்ட அந்தத் தனிமம், 1895இல்தான் பூமியில் பிடிபட்டது. இன்று பலூனில் அடைக்கும் வாயு, முதலில் சூரியனில் கண்டெடுக்கப்பட்டது!

பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது ஓர் எண்ணில். 99 சதவீதம் மறைந்தால் போதாதா என்கிறார்கள், போதாது. சூரியன் முழுநிலவைப் போல் ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு ஒளி மிக்கது. மிஞ்சும் ஒரு சதவீதமே ஏறத்தாழ 4,000 முழுநிலவுகளுக்குச் சமம். சூரியனைச் சுற்றி விரியும் ஒளிமகுடமோ ஒரே ஒரு முழுநிலவின் அளவுக்குத்தான் ஒளிரும். ஆகவே முழுநிழல் விழும் குறுகிய பாதைக்குள் சென்று நின்றால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

அங்கே நிற்பவர்கள், தொடக்கத்தில் மரத்தடியைப் பாருங்கள். இலையிடுக்குகள் வழியே விழும் ஒளிப்பொட்டுகள் ஒவ்வொன்றும் பிறையாகியிருக்கும். சூரியனை நோக்கத் தரமான கிரகணக் கண்ணாடி வேண்டும். விழித்திரை கருகும்போது வலிப்பதில்லை என்பதால், வலித்தால் திரும்பிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. தொலைநோக்கியில் ஒளி வடிகட்டியைச் சூரியனை நோக்கிய முன்முனையில்தான் பொருத்த வேண்டும். கடைசி ஒளித்துளி வைர மோதிரம்போல் மின்னி அணைந்த பிறகே கண்ணாடியைக் கழற்றலாம். அப்போது கேமராவைத் தேடாதீர்கள். நல்ல படங்களை எடுக்க வேறு பலர் இருக்கிறார்கள். எதிர்விளிம்பில் மறுபடி ஒரு துளி ஒளி எட்டிப் பார்த்ததும், கண்ணாடியை உடனே அணிந்துகொள்ளுங்கள்.