ஃபிளாஷ் போனாலும் பாடம் போகவில்லை: லினக்ஸில் பழைய பிளகின் கோப்புகளை ஓட வைப்பது எப்படி?

(திரையில்: பழைய மடிக்கணினி. இதயம் துடிக்கும் அசைபடம். நீல அம்புகள் உள்ளே போகின்றன, சிவப்பு அம்புகள் வெளியே வருகின்றன.)

இந்த இதயம் இப்போது துடிக்கவே கூடாது, மக்களே. இந்த மாதிரி அசைபடங்களை பிரவுசரில் ஓட்டியது அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் பிளேயர். 2021 ஜனவரி 12-ஆம் தேதி அடோபியே அதற்குத் தடை போட்டுவிட்டது. புதிய பிரவுசர் எதிலும் இது தானாகத் திறக்காது. ஆனால் இதோ, பத்து வருடத்துக்கும் மேல் வயதான மடிக்கணினியில், லினக்ஸில், ஒரு ரூபாய் செலவில்லாமல் துடிக்கிறது. எப்படி என்று முழுதாகச் சொல்கிறேன். பாதியில் போய்விடாதீர்கள், நடுவில் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போகிறோம்.

என் அக்கா தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவளிடம் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அதில் நாற்பது பாடங்கள். என்றைக்கோ ஒரு சிடியிலிருந்து பிரதி எடுத்து வைத்தது. இதயம், சிறுநீரகம், மின்சுற்று, நிலவின் பிறைகள் என்று எல்லாமே எஸ்டபிள்யூஎஃப் கோப்புகள், அதாவது ஃபிளாஷில் செய்த அசைபடங்கள். பிரவுசரில் இழுத்துப் போட்டால் படம் வருவதில்லை, "சேமிக்கட்டுமா?" என்று கேட்கிறது. ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டியபோது, "லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போடுங்கள், சரியாகிவிடும்" என்றார்களாம். அந்த யோசனை தவறு. விண்டோஸிலிருந்தும் ஃபிளாஷை மைக்ரோசாஃப்ட் அப்டேட் வழியே நீக்கிவிட்டது. குற்றம் லினக்ஸ் மேல் இல்லை. அக்கா என்னிடம் வந்து, "எப்பிடியாவது இத ஓட வச்சுத் தா மக்ளே" என்றாள்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் காலத்தில் என்பிஏபிஐ என்ற ஏற்பாடு வந்தது. பிரவுசரால் முடியாத வேலையை வெளியிலிருந்து ஒரு நிரல் வந்து செய்துகொடுக்கும், அதுதான் பிளகின். லினக்ஸில் குரோம் அதை 2014-இல் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல் ஃபிளாஷைத் தவிர மற்ற பிளகின்களை நிறுத்தியது, 2021 ஜனவரியில் வந்த 85-ஆம் பதிப்பில் ஃபிளாஷும் போனது. காரணம் பாதுகாப்பு. பிளகின் என்பது உங்கள் கணினியில் நேரடியாக ஓடும் நிரல். அதில் ஒரு ஓட்டை இருந்தால், ஒரு விளம்பரப் படம்கூட அந்த வழியாக உள்ளே நுழைந்துவிடலாம்.

சரி, இப்போது பாலத்துக்கு வாருங்கள்.

(திரையில்: மாத்தூர் தொட்டிப்பாலம், கீழே பரளியாறு.)

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் எல்லாரும் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவையாவது இதன் மேல் நடந்திருப்போம். 1966-இல் கட்டியது. 115 அடி உயரம், 28 தூண்கள், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். எதற்காக இவ்வளவு பெரிய வேலை? பட்டணங்கால் என்ற கால்வாயின் தண்ணீர் இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் போக வேண்டும், நடுவில் பள்ளத்தாக்கும் பரளியாறும். கால்வாயைப் பள்ளத்தில் இறக்கினால் என்ன ஆகும்? தண்ணீர் ஆற்றோடு கலந்துவிடும், திரும்ப மேலே ஏறாது. அதனால் ஒரு கான்கிரீட் தொட்டியைச் செய்து, ஆற்றின் தலைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். மேலே கால்வாய், கீழே ஆறு. ஒரு சொட்டும் கலப்பதில்லை.

பழைய பிளகின், கால்வாயை ஆற்றில் இறக்கிய மாதிரி. ஃபிளாஷ் கோப்பும் உங்கள் கணினியும் ஒன்றோடொன்று கலந்து ஓடின. இன்று நமக்கு வேண்டியது தொட்டி. அந்தத் தொட்டியின் பெயர் ரஃபிள். ஃபிளாஷ் பிளேயர் செய்த வேலையை ரஸ்ட் என்ற நிரல் மொழியில் புதிதாக எழுதிய இலவச, திறமூல மென்பொருள். பிரவுசருக்குள் வெப்அசெம்பிளியாக, அதாவது பிரவுசரே நேரடியாக ஓட்டும் நிரல் வடிவில், பிரவுசர் போட்ட வேலிக்குள்ளேயே ஓடுகிறது. அடோபியின் பிளகின் எதுவும் தேவையில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் தன்னிடம் உள்ள பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளையும் அசைபடங்களையும் 2020 நவம்பரிலிருந்து இதில்தான் ஓட்டுகிறது. பாடம் என்ற தண்ணீர் அப்படியே இருந்தது, வாய்க்கால்தான் உடைந்திருந்தது. இதை அக்காவுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு இந்தப் பாலம் ஒன்றே போதுமாக இருந்தது.

செய்முறை சின்னதுதான். இணையதளங்களில் உள்ள ஃபிளாஷ் பார்க்க, ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ ரஃபிள் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) சேர்த்தால் போதும். பென்டிரைவ் கோப்புகளுக்கு ரஃபிளின் டெஸ்க்டாப் பதிப்பை அவர்கள் தளத்திலிருந்து இறக்குங்கள். சுருக்கப்பட்ட கோப்பாக வரும், அதை விரித்து இரட்டைச் சொடுக்கு. திறக்கும் ஜன்னலில் உங்கள் எஸ்டபிள்யூஎஃப் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

இரண்டு இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன், நீங்கள் மாட்டாதீர்கள். முதலாவது, திரை கறுப்பாகவே நின்றது. ரஃபிள் படம் வரைய வல்கன் என்ற புது முறையைத் தேடியது, பழைய கணினியின் கிராஃபிக்ஸுக்கு அது தெரியாது. அமைப்புகளில் ஓப்பன்ஜிஎல் என்ற பழைய முறைக்கு மாற்றியதும் படம் வந்துவிட்டது. இரண்டாவது, ஒரு பாடத்தில் தலைப்பு மட்டும் வந்து நின்றுவிட்டது. முதன்மைக் கோப்பு பக்கத்திலுள்ள மற்ற கோப்புகளை அழைக்கிறது, நான் அதை மட்டும் தனியே பிரதி எடுத்திருந்தேன். ஃபோல்டரை முழுதாக எடுங்கள், உள்ளே எதன் பெயரையும் மாற்றாதீர்கள்.

இனி நான் துள்ளிக் குதித்த விஷயம். இந்தப் பாடங்கள் யூனிகோடு பரவுவதற்கு முன் செய்தவை. அந்தக் காலத்துத் தமிழ்க் கோப்பை இன்று திறந்தால், பாமினி மாதிரியான எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குழம்பித்தான் தெரியும். ஆனால் இதில் "இடது வெண்ட்ரிக்கிள்" என்று தமிழ் பளிச்சென்று வந்தது! எப்படி? எஸ்டபிள்யூஎஃப் கோப்பு எழுத்தின் வடிவத்தையே கோடுகளாகத் தனக்குள் சேர்த்து வைக்கிறது. எழுத்துரு உங்கள் கணினியில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கோப்பைச் செய்தவர் வடிவத்தைச் சேர்க்காமல் விட்ட இடங்களில் மட்டும்தான் எழுத்து உடையும். எத்தனையோ தமிழ்க் கோப்புகளை எழுத்துருச் சிக்கலில் இழந்திருக்கிறோம். இவற்றில் எழுத்து அப்படியே தங்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரஃபிளில் ஓடாதவையும் உண்டு. 2006-இல் ஃபிளாஷ் பிளேயர் 9-உடன் வந்த நிரல் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் எழுதியவை சில இன்னும் தடுமாறுகின்றன. வேறு வழியே இல்லை என்றால் பழைய பிளகின்தான். ஃபயர்ஃபாக்ஸ் 84 அல்லது அதற்கு முந்தையது, ஃபிளாஷ் 32.0.0.371 பதிப்பு. அதற்குப் பின் வந்தவற்றுக்குள்ளேயே தேதித் தடை இருக்கிறது. ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் மொசில்லா ஃபோல்டருக்குள் பிளகின்ஸ் என்று ஒன்று உருவாக்கி, பிளகின் கோப்பை அதில் போட வேண்டும். பிரவுசர் 64 பிட் என்றால் பிளகினும் 64 பிட்டாக இருக்க வேண்டும். இதை மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு கணினி, வெர்ச்சுவல் மெஷின்), இணையத்தைத் துண்டித்துவிட்டு மட்டும் செய்யுங்கள். இந்தப் பிரவுசரில் வங்கிக் கணக்கைத் திறக்கவே திறக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜாவா ஆப்லெட் (பிரவுசருக்குள் ஓடிய சின்ன ஜாவா நிரல்) வைத்திருப்பவர்கள், அதை ஓட்டும் ஐஸ்டீ வெப் என்ற பிளகினை ஃபயர்ஃபாக்ஸ் 52-இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆரோடு இதே மாதிரி ஓட்டிப் பார்க்கலாம்.

(திரையில்: பென்டிரைவ் ஃபோல்டர். ஒரு கோப்பு மட்டும் சிவப்பு வட்டத்தில்.)

அக்காவின் நாற்பதில் முப்பத்தேழு ஓடிவிட்டன. போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மின்சுற்றுப் பாடத்தில் ஸ்விட்சை அழுத்தி அழுத்திப் பல்பை எரிய விட்டார்களாம். நிலவின் பிறைகள் இன்னும் திறக்கவில்லை, ரஃபிளின் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் போட்டுப் பார்க்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படிச் சிடிகள் கிடக்கும். இன்றைக்கே எடுத்துத் துடைத்து, முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எந்தப் பாடம் திறந்தது, எது அடம்பிடிக்கிறது என்று கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அவற்றையே எடுத்து உட்கார்ந்து பார்ப்போம்.