சூரை வேட்டையில் ஒரு நாள்: போராட்டத்தைக் குறுக்கும் கலை

நேயர்களுக்கு வணக்கம்.

வாடகைப் படகில் ஆழ்கடலுக்குச் சென்று பெருஞ்சூரை பிடிக்கும் ஒரு நாளைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இத்தகைய பயணம் சென்று திரும்பியவர்கள், மீனோடு எத்தனை மணி நேரம் மல்லுக்கட்டினோம் என்பதைத்தான் பெரும்பாலும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெருமையில் உடன்பாடில்லை. போராட்டம் எவ்வளவு விரைவில் முடிகிறதோ, அந்த நாள் மீனுக்கும் மனிதருக்கும் அவ்வளவு நல்லது என்பதே என் எண்ணம். அதற்கான காரணம் சூரையின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பம் அவை நீந்தும் நீரின் வெப்பத்தையே ஒட்டியிருக்கும். சூரை இதற்கு விலக்கு. அதன் உடல் சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக இருப்பதை ஜான் டேவி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1835ஆம் ஆண்டிலேயே அளந்து எழுதினார். 1966இல் ஃப்ராங்க் கேரி, ஜான் டீல் ஆகியோர் அந்தச் சூடு எப்படித் தங்குகிறது என்பதை விளக்கினார்கள். தசைகளிலிருந்து சூட்டோடு திரும்பும் இரத்தமும், செவுள்களில் குளிர்ந்து உள்ளே வரும் இரத்தமும், அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடும் நுண்குழாய்ப் பின்னல் ஒன்று சூரைக்கு உண்டு. வெளியேற வேண்டிய சூடு அந்தப் பின்னலில் உள்ளே வரும் இரத்தத்துக்கு மாறி, உடலுக்கே திரும்பிவிடுகிறது. பெரிய நீலத்துடுப்புச் சூரையின் தசை, குளிர்ந்த கடலில் நீரைவிட 10 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக இருக்கக்கூடும். சூடான தசை விரைந்து சுருங்கி விரிவதால்தான் அதற்கு அத்தனை வேகம்.

ஆனால் தூண்டிலில் மாட்டிய சூரை தன் முழு வலுவையும் செலவிட்டு ஓடும்போது, அதே பின்னல் அதற்கு எதிராகத் திரும்புகிறது. பிறக்கும் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே சேர, தசையில் அமிலமும் கூடுகிறது. மணிக்கணக்கில் போராடி இறந்த பெரிய சூரையை அறுத்துப் பார்த்தால், முதுகெலும்பை ஒட்டிய சதை சிவப்பு மங்கி, வெளிறி, உறுதி குலைந்து கிடக்கும். பச்சையாக உண்பதற்கு விற்கும் சந்தையில் அதற்கு நல்ல விலை கிடைக்காது. மீனைத் திரும்பக் கடலில் விடுவதாக இருந்தாலும் நிலைமை வேறல்ல. சூரை வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள்களுக்குள் நீர் பாயும். நீந்த வலுவில்லாத அளவுக்குக் களைத்த மீன், தூண்டில் முள்ளிலிருந்து விடுபட்டாலும் பிழைப்பது அரிது.

ஆகவே அந்த நாளின் வேலை கரையிலேயே தொடங்குகிறது. படகை அமர்த்தும்போதே, உரிமமும் உயிர்காப்புச் சாதனங்களும் இருக்கின்றனவா என்று கேட்பதோடு, பிடிபடும் மீன் யாருக்குச் சொந்தம் என்பதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில இடங்களில் மீன் படகுக்காரருக்கே உரியது, பயணிக்கு ஒரு பங்குதான். எத்தனை மீன், எந்த அளவுக்கு மேற்பட்டது என்ற வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். அட்லாண்டிக் சூரை இனங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1966இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தாகி 1969இல் நடைமுறைக்கு வந்தது. அந்த உடன்படிக்கையின் கீழ் வகுக்கப்படும் அளவுகள் ஒவ்வொரு நாட்டின் சட்டமாக இறங்கி, கடைசியில் வாடகைப் படகின் தளத்தில் நிற்கும் பயணியின் கையைக் கட்டுகின்றன. அலை ஒத்துக்கொள்ளாதவர்கள் குமட்டல் தொடங்கிய பிறகு மாத்திரையைத் தேடுவதில் பயனில்லை. படகு ஏறுவதற்கு முன்பே அதை விழுங்கியிருக்க வேண்டும்.

விடியுமுன் கிளம்பும் படகு மீன் இருக்கும் ஆழத்தைச் சேரும்வரை பயணிகள் தூங்கலாம், உதவியாளர்கள் தூங்க முடியாது. அப்போது அவர்கள் செய்யும் ஒரு சிறு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொரு தூண்டிற்கோலின் நரம்பையும், அதாவது தூண்டில் இழையையும், ஒரு தராசில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோ இழுப்பில் அது சுற்றியிருக்கும் உருளையான ரீலின் பிரேக் வழுக்கி நரம்பை விடுகிறது என்று அளந்து பார்ப்பார்கள். நரம்பு அறுபடும் எடையில் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை பிரேக்கை வைப்பது வழக்கம். 36 கிலோ தாங்கும் நரம்புக்கு இது 9 முதல் 12 கிலோ. இதைவிடத் தளர்த்தினால் போராட்டம் நீளும். இறுக்கினால் முதல் ஓட்டத்திலேயே நரம்பு அறும். மீன் ஓட ஓட, ரீலில் சுற்றியிருக்கும் நரம்பின் விட்டம் குறைகிறது. விட்டம் பாதியானால், பிரேக்கைத் தொடாமலே இழுப்பு இரு மடங்காகிவிடும். அதோடு நீருக்குள் வளைந்து கிடக்கும் நீண்ட நரம்பின் மீது கடல்நீரின் தடையும் சேரும். புதியவர்கள் மீன் தொலைவுக்கு ஓடுவதைக் கண்டு பிரேக்கை இறுக்குவார்கள். அனுபவசாலிகள் அந்த நேரத்தில் அதைச் சற்றுத் தளர்த்துவார்கள்.

மீனைத் தேடும் முறைகள் பல. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் விளிம்பு, கூட்டமாகப் பாய்ந்து மூழ்கும் ஆலாப் பறவைகள், நீருக்குள் ஒலி அனுப்பி மீனைக் காட்டும் ஒலிமானியின் திரையில் திரளும் சிறுமீன் கூட்டம் ஆகியவற்றைப் படகுத் தலைவர் பார்த்துக்கொண்டே இருப்பார். சில படகுகள் 6 முதல் 9 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில் ஓடியபடி, பறவைக்கோலா, கணவாய் போன்ற வடிவில் செய்த செயற்கை இரைகளைப் பின்னால் இழுத்துச் செல்லும். சில படகுகள் ஓரிடத்தில் நின்று, மத்தியையும் கானாங்கெளுத்தியையும் துண்டுகளாக வெட்டிச் சிறிது சிறிதாகத் தூவி, அந்தத் துண்டுகளுக்கு நடுவே தூண்டில் இரையையும் நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதக்கவிடும். துண்டுகளை அள்ளிக் கொட்டினால் சூரை வயிறு நிறைந்து போய்விடும் என்பதால், தூவுகிறவரின் சிக்கனத்துக்குத் தனி மதிப்பு உண்டு. வட்ட வடிவ முள்ளைப் பயன்படுத்தும்போது மீன் கடித்தவுடன் கோலை வெட்டி இழுக்கக் கூடாது. நரம்பு தானாக இறுக இறுக, முள் திரும்பி வாயின் ஓரத்தில் பதியும். இதனால் மீன் முள்ளை விழுங்குவதும் குறைகிறது.

மாட்டிய மீன் முதலில் தொலைவுக்கு ஓடும், பிறகு நேர் கீழே இறங்கும். படகுக்கு அடியில் ஆழத்தில் நின்று வட்டமிடும் சூரையைத் தோள் வலுவால் மேலே தூக்க முயல்வதில்தான் மணிக்கணக்கு வீணாகிறது. இந்தக் கட்டத்தில் வேலை செய்ய வேண்டியது படகு. தலைவர் படகைச் சற்று விலக்கி நரம்பைச் சாய்வாக்கினால், மீனின் தலை திரும்பும், அது மேல்நோக்கி நீந்தத் தொடங்கும். கோலைப் பிடித்திருப்பவர் அதை வானத்தை நோக்கி உயர்த்தாமல் தாழ்வாகவே வைத்து, முழங்காலை மடக்கி உடல் எடையால் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். வட்டத்தில் மீன் நம்மை நோக்கி வரும் பாதியில் நரம்பைச் சுற்றிக்கொண்டு, விலகிச் செல்லும் பாதியில் பிடித்து நின்றாலே போதும். மீனுக்கு ஓய்வு கொடுத்தால் அது மீண்டும் வலுப்பெறும். ஆகவே நாம் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் போராட்டத்தை அதைவிட நீளமாக்குகிறது.

வரலாற்றிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 1898இல் கலிஃபோர்னியாவின் கட்டலினா தீவருகே சார்ல்ஸ் ஃப்ரெடெரிக் ஹோல்டர் 83 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையைத் தூண்டிற்கோலில் பிடித்தார்; அதற்கு அவருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆயிற்று. அந்த ஆண்டிலேயே அவர் அங்கே தூண்டில்காரர்களுக்கான சூரை மன்றத்தையும் நிறுவினார். 1979 அக்டோபர் 26 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையோரத்தில் கென் ஃப்ரேசர் பிடித்த மீனின் எடை 679 கிலோ. இன்றும் முறியடிக்கப்படாத உலக சாதனை அது. அதைக் கரைசேர்க்க அவருக்குப் பிடித்த நேரம் 45 நிமிடங்கள்தான். இடைப்பட்ட 81 ஆண்டுகளில் மனிதக் கைகள் வலுத்துவிடவில்லை, கருவிகளும் படகுகளும் முறையும் மாறியிருந்தன.

1939இல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கத்தின் விதிப்படி, மீன் மாட்டிய பிறகு வேறொருவர் கோலைத் தொட்டாலே அந்த மீன் சாதனைப் பட்டியலுக்குத் தகுதி இழக்கும். சாதனையை எண்ணி வந்தவருக்கு அந்த விதி நியாயமானது. ஒரு நாள் பயணமாக வந்தவர் கை ஓய்ந்த பிறகும் விதியைப் பிடித்துக்கொண்டு ஒன்றிரண்டு மணி நேரம் தொங்குவதை என்னால் பாராட்ட முடியவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கோலைக் கொடுப்பதே மேல்.

மீன் படகருகே வந்ததும் உதவியாளர் கொக்கிக் கோலைத் தலைப் பகுதியில் மாட்டுவார். உடலில் குத்தினால் நல்ல சதை பாழாகும். விடுவிப்பதாக இருந்தால், படகை மெல்ல ஓட்டி, மீனின் வாய்க்குள் நீர் பாயும்படி பக்கவாட்டில் இழுத்துச் சென்று, அது வாலை வலுவாக அடிக்கும்வரை பொறுத்து விட வேண்டும். வைத்துக்கொள்வதாக இருந்தால் மூளையில் கூராணி இறக்கி உடனே உயிரை நிறுத்தி, மார்புத்துடுப்புக்குப் பின்னாலும் செவுளிலும் வெட்டி இரத்தத்தை வடிப்பார்கள். முதுகுத்தண்டின் துளைக்குள் நீண்ட கம்பியைச் செலுத்தினால் தசைத் துடிப்பும் அடங்கும். பிறகு குடலையும் செவுளையும் நீக்கி, கடல்நீரும் பனிக்கட்டியும் கலந்த குழம்பில் மீனை முழுதாக அமிழ்த்துவார்கள். வெறும் பனிக்கட்டிக்கு நடுவே காற்று இடைவெளி இருப்பதால், இந்தக் கலவைதான் விரைவில் குளிர்விக்கும். அப்படியும் பெரிய மீனின் நடுப்பகுதி குளிரப் பல மணி நேரம் ஆகும். பனிக்கட்டியில் கஞ்சத்தனம் செய்யும் படகை, மற்ற எல்லாம் சிறப்பாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கரையில் பங்கு பிரிக்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும். சூடாகக் கிடந்த சூரைச் சதையில் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. உண்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்துப் போகும். எவ்வளவு வேகவைத்தாலும், வறுத்தாலும் அது அழியாது. ஆகவே உங்கள் பங்கு வெட்டப்படும்வரை முழு மீனும் பனிக்குழம்பிலேயே இருக்கட்டும்; வெட்டிய துண்டுகளை உறையிலிட்டு, நீங்கள் கொண்டுசென்ற பனிப்பெட்டியில் அப்போதே வையுங்கள். வெயிலில் மீனைத் தொங்கவிட்டுப் படம் எடுக்க விரும்புகிறவர்கள் அதைப் படகிலேயே, பனியில் இறக்குவதற்கு முன் எடுத்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.